பிள்ளை பெற்ற பின் வரும் சிறுநீரகத் தொற்று: வீட்டில் நடக்கும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால், "பால் கட்டியிருக்கும்" என்று ஆயா சொல்லிவிடுவார். இடுப்பு வலித்தால், "முதுகில் ஊசி போட்டார்களே, அதுதான்" என்பார் பெரியம்மா. நடுக்கம் எடுத்தால் தலைக்கு ஊற்றியது சேரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருப்பதால்தான் சிறுநீரகத் தொற்று கண்ணில் படாமல் முற்றுகிறது. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

பால் கட்டினால் மார்பு கல்லாக இறுகும், தொட்டால் வலிக்கும். ஊசியால் வரும் வலி பெரும்பாலும் குத்திய இடத்திலேயே, இடுப்பின் நடுவில் இருக்கும். சிறுநீரக வலி கடைசி விலாவுக்குக் கீழே, பெரும்பாலும் முதுகின் ஒரு பக்கத்தில் வரும்; அங்கே லேசாகத் தட்டினாலே துடித்துப்போவாள். கூடவே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், போர்வைக்கும் அடங்காத நடுக்கம், குமட்டல். சிறுநீர் போகும்போது எரியலாம், எரியாமலும் இருக்கலாம். எரிச்சல் இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். பிரசவத்துக்குப் பின் இந்த அளவு காய்ச்சல் எதனால் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான். கர்ப்பப்பையில் தொற்று என்றாலும் இப்படித்தான் தொடங்கும்.

கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவை பழைய நிலைக்குத் திரும்பப் பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் ஆகும். சிசேரியன் என்றால் சிறுநீர் போக டியூப் வேறு போட்டிருப்பார்கள். பிரசவ வலி நீண்டிருந்தால் சிறுநீர்ப்பை மரத்து, நிறைந்தது கூடத் தெரியாது. தேங்கிய சிறுநீரில் குடலிலிருந்து வரும் ஈ.கோலை போன்ற கிருமிகள் பெருகி மேலே ஏறிவிடும்.

அதனால் சிறுநீரை அடக்கக் கூடாது. சொல்வது சுலபம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்னால்தான் கழிவறை. தையல் இழுக்கிறது, பிள்ளை இப்போதுதான் கண் அசந்திருக்கிறது, நடுராத்திரி. ஒவ்வொரு நிலைப்படியாகத் தாண்டி, இருட்டில் யார் போவது? விடியட்டும் என்று அடக்கிக்கொண்டு படுத்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள், கட்டிலை மாற்றிப் போடுங்கள். கழிவறைக்குப் பக்கத்து அறையைக் கொடுங்கள், விளக்கை எரியவிடுங்கள், கூட ஒருவர் எழுந்து போங்கள். உணர்ச்சி வராவிட்டாலும் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். வயிறு பெருத்துவிடும், தையல் ஆறாது என்று பயந்து, கத்திரி வெயிலிலும் அரை டம்ளர் கொடுத்து நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. இரண்டு பயத்துக்கும் ஆதாரமில்லை. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தாராளமாக இருக்கட்டும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு செம்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடித்தால் போதும், கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் தொற்று வந்த பிறகு பார்லித் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் மருந்தாகாது.

மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை, உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தையே கெடுக்கும். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், தொற்றை ஒன்றும் செய்யாது.

சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒரு கவனம் வேண்டும். உதிரப்போக்கு கலந்தால் முடிவு குழம்பும். நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுத்துவிடுவது நல்லது. அதன் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை மருந்து காத்திருக்காது.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது இன்னொரு தவறு. பொதுவாக 7 முதல் 14 நாள் வரை எழுதிக் கொடுப்பார்கள், அத்தனை நாளும் சாப்பிட வேண்டும். பிள்ளைக்கு ஆகாது என்று தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம். செஃபலெக்சின் போலத் தாய்ப்பாலோடு ஒத்துப்போகும் மருந்துகள் இருக்கின்றன. "பால் கொடுக்கிறேன்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் சரி.

வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவமாகி எத்தனை நாள் என்பதை முதலில் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.