தடுமாறுற சென்டர் பையனை வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா? சண்டையில பண்ணக்கூடாத தப்புங்க

எங்க சுங்கை சிப்புட் பக்கம் சனிக்கிழமை காலையில ஒட்டுக்கடைக்குப் பசியாற போனா என்பிஏ, அதான் அமெரிக்கா கூடைப்பந்து லீக், அந்தப் பேச்சுதான், அமெரிக்காவுல ராத்திரி ஆட்டம்னா நமக்குக் காலையில வருது இல்ல, ரொட்டி சானாய் மேசைக்கு வர்றதுக்குள்ள எவனாவது "அந்த சென்டர் பையன் வேஸ்ட் லா, ட்ரேட் பண்ணித் தொலைங்க"ன்னு ஆரம்பிச்சிடுவான். சென்டர்னா கூடைகிட்ட நிக்கிற உயரமான ஆளு, ட்ரேட்னா வேற டீமுக்கு மாத்தி விடறது.

ஆரம்பமே தப்பு. புள்ளியை மட்டும் பார்த்துட்டுப் பேசுறாங்க. டைசன் சாண்ட்லர் 2005-06ல சிகாகோவுக்கு ஆடுனப்போ ஆட்டத்துக்கு 5 புள்ளி சொச்சம்தான், 2006ல அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிட்டாங்க, அங்க கூட ஆடுன கிறிஸ் பால் கூடை வளையத்துக்கு மேல பந்தைத் தூக்கிப் போடப் போட 2007-08ல கிட்டத்தட்ட 12 புள்ளி. அப்புறம் 2011ல டல்லாஸோட சாம்பியன், 2012ல வருஷத்தோட சிறந்த டிஃபென்டர் விருது வேற. சென்டர் பந்தைத் தானே கொண்டுவர முடியாது மச்சான், எவனாவது கொடுக்கணும். அதனால பையனுக்கு யாரு பாஸ் போடுறா, ஸ்கிரீன் (கூட ஆடுறவனுக்கு வழி கிடைக்க எதிராளியை மறிச்சு நிக்கிறது) ஒழுங்கா நிக்கிறானா, பந்தை ஓட்டிட்டு வர்ற எதிர் டீம் கார்டுங்க அவனைப் பார்த்து கூடைக்குக் கீழ வராம திரும்புறாங்களா, இதெல்லாம் ஆட்டத்தை உக்காந்து பார்த்தாத்தான் தெரியும், போன்ல ஸ்கோர் பார்த்தா தெரியாது.

அதுக்குன்னு எல்லா உயரமான பையனையும் அடுத்த சாண்ட்லர்னு தூக்கி வைக்கிறதும் கூடாது. ஹஷீம் தபீட் 7 அடி 3 அங்குலம், டீமுங்க புதுப் பையனுங்களை வரிசையா எடுக்கிற டிராஃப்ட்ல, 2009ல 2வது ஆளா மெம்பிஸ் எடுத்தாங்க, 2011லயே ஹூஸ்டனுக்கு அனுப்பிட்டாங்க, எங்கேயும் நிலைக்கல. செம்பனை 3 வருஷத்துல குலை தள்ளிடும், பால்மரம் வெட்டுக்கு வர 6, 7 வருஷம் ஆகும், சென்டருங்க பால்மர ஜாதி, காத்திருக்கத்தான் வேணும். ஆனா எதுக்குக் காத்திருக்கோம்னு பார்க்கணும். அவசரப்பட்டு ஃபவுல் பண்றது, தப்பான இடத்துல நிக்கிறது, உடம்புல பலம் பத்தாதது, இதெல்லாம் வயசு ஆக ஆக சரியாகும். பந்து கையில நிக்கவே மாட்டேங்குதுன்னா எனக்கு நம்பிக்கை இல்ல.

டிராஃப்ட் நம்பரைப் பிடிச்சுக்கிட்டு அழறது இன்னொரு வியாதி. 2020ல கோல்டன் ஸ்டேட் 2வதா ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தாங்க, 3வது லமெலோ பால், இன்னைக்கும் நம்ம ஆளுங்க லமெலோவை விட்டுட்டாங்களேன்னு புலம்புறாங்க. வைஸ்மன் காலேஜ்ல ஆடுனதே 3 ஆட்டம், முட்டியில அடிபட்டு 2021-22 சீசன் முழுக்க போச்சு, அந்த டீம் அவங்க பெரிய ஸ்டார் கர்ரி இருக்கும்போதே ஜெயிக்கணும்னு ஓடுது, அங்க தப்பு பண்ணிக் கத்துக்க எவன் நேரம் கொடுப்பான்? 2023ல டெட்ராய்ட்டுக்கு அனுப்பிட்டாங்க.

கான்ட்ராக்ட் பத்தி யாரும் பேசுறதே இல்ல. டிராஃப்ட் முதல் ரவுண்டுல எடுத்த பையனுக்கு 2 வருஷம் சம்பளம் உறுதி, 3வது, 4வது வருஷம் டீமோட இஷ்டம், அதுக்கப்புறமும் வேற டீம் கொடுக்கிற விலைக்கு ஈடு கொடுத்து வச்சுக்க வழி இருக்கு. 2022ல டியான்ட்ரே ஏய்ட்டனுக்கு இந்தியானா 4 வருஷத்துக்கு 133 மில்லியன் டாலர் காட்டுனப்போ ஃபீனிக்ஸ் அப்படித்தான் ஈடு கொடுத்து வச்சுக்கிட்டாங்க, மறுவருஷமே போர்ட்லாந்துக்கு அனுப்பிட்டாங்க. அப்பக்கூட பதிலுக்கு நூர்கிச்னு ஒரு சென்டரை வாங்கிக்கிட்டுதான் அனுப்புனாங்க. நம்ம ஒட்டுக்கடை ட்ரேட்ல மட்டும் பையன் போன இடத்துல யாரு நிப்பான்னு ஒருத்தனும் சொல்றதில்ல.