பாஞ்சாலங்குறிச்சிக்கு வேன் கிளம்பும் முன்

போன மாதம் பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு தம்பி கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். ஓரமாக நின்று கேட்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் உளறியதையே பிசகாமல் உளறிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேதி மாறுவது, துரைமார் பெயர் குழம்புவது எல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, இங்கே வழக்கமாக உளறப்படும் நான்கு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"இதுதான் கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை"

1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை அது. அசல் மண்கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

"எட்டப்பன் காட்டிக்கொடுத்தான்"

எனக்குக் கைக்காசைச் செலவு வைத்த தவறு இது. இந்த வரியை முகப்பிலேயே போட்டு 500 பிரதி சிறு புத்தகம் அச்சடித்தேன். அதைத் தூக்கிக்கொண்டு எட்டயபுரத்துக்கே பேசப் போனேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"கட்டபொம்மனைப் பிடிச்சது எந்த ஊர்ல வே?"

விழித்தேன்.

"பிடிச்சுக் கொடுத்தது யாரு?"

அதற்கும் விழித்தேன்.

"பெறவு எங்க ஊரை எதை வச்சு எழுதினீரு?"

கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எட்டப்பன் என்பதும் தனி ஒருவரின் பெயரல்ல, எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். அதற்காக எட்டயபுரம் கை கழுவிக்கொள்ளவும் முடியாது. அந்தப் பாளையத்தின் படை கம்பெனிக்கு உதவியது. பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கும் அதற்குக் கிடைத்தது. இரண்டு பாளையத்துக்கும் நெடுநாள் எல்லைத் தகராறு. பக்கத்து வயல்காரன் மேல் உள்ள கோபத்தில் வெளியாளைக் கூட்டிவருவது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன?

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் கதை சிக்கலாகிறது. 1750-களில் நெற்கட்டும்செவல் பூலித்தேவன் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்தபோது எட்டயபுரம் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை! இதை அந்தத் தம்பியிடம் சொன்னபோது என்னையே எட்டப்பனைப் போலப் பார்த்தார்.

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு துரோகி கிடைத்துவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடுகிறது. கம்பெனி இந்தச் சீமைக்குள் எப்படி நுழைந்தது என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. அந்த 500 பிரதியிலும் உட்கார்ந்து காகிதம் ஒட்டி அந்த வரியை மறைத்தேன். பசை காய்ந்த பிறகும் உள்ளே எழுத்து தெரிந்தது.

"வெள்ளைக்காரன் திடீரென்று வந்து வரி கேட்டான்"

திடீரென்று வரவில்லை. 1755-இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு திருநெல்வேலிக்கு வந்தபோது கூடவே ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் வந்தார். கேட்டது நவாபுக்குச் சேரவேண்டிய கப்பப் பாக்கி. கம்பெனி வந்தது கூலிப்படையாக. போரும் படைச்செலவும் ஏற ஏற, நவாப் முகமது அலி கம்பெனிக்குக் கடன்பட்டுக்கொண்டே போனார். 1792 ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்குப் போனது, அதுவும் நவாப் பெயரிலேயே.

பிள்ளைகளுக்கு நான் இதை ஒத்தி என்று சொல்லி விளக்குவேன். கடன் கொடுத்தவன் வயலில் இறங்கி மகசூலை எடுத்துக்கொள்வான், பட்டா மட்டும் உங்கள் பெயரில் இருக்கும். 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தில் அந்தப் பட்டாவும் போயிற்று. அதற்குப் பின் நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் படிப்பணமும்தான்.

சரி, பீரங்கிக்கு வேலையே இல்லையா? இருந்தது. கணக்குப் புத்தகம் முன்னால் வந்தது, பீரங்கி அதன் பின்னால் வந்தது.

"1799-இல் எல்லாம் முடிந்தது"

முடியவில்லை. அக்டோபர் 16-இல் கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார் கம்பெனிப் படைத்தலைவர் மேஜர் பானர்மேன். பயந்து அடங்குவார்கள் என்று கணக்குப் போட்டார். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களில் பாஞ்சாலங்குறிச்சியில் அதே இடத்தில் மண்கோட்டை மறுபடி எழுந்தது. மார்ச் 31-இல் மேஜர் மெக்காலேயின் கம்பெனிப் படை அதைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. மே 24 வரை கோட்டை நின்றது.

இதைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே சொல்லிவிடுங்கள். கயத்தாறு போனதும் எல்லோரும் பரோட்டாக் கடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.