அந்நிய முதலீடு எந்தத் துறையை வளர்க்கும் என்று கணிப்பது எப்படி?

பல கோடி டாலர் முதலீடு வருகிறது என்ற அறிவிப்பைப் படித்ததும், அது எவ்வகைப் பணம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நிறுவனமொன்றில் குறைந்தது 10 சதவீத வாக்குரிமையைத் தரும் முதலீட்டையே பன்னாட்டு நாணய நிதியம் (IMF) நேரடி முதலீடாகக் கொள்கிறது. அதிலும் புதிதாக ஆலை எழுப்புவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை விலைக்கு வாங்குவது வேறு; பின்னதில் உரிமையாளர் மட்டும் மாறி, ஓர் இயந்திரம்கூடக் கூடாமல் போகலாம்.

அடுத்து, அந்தத் துறை உள்நாட்டில் யாரிடம் எதை வாங்குகிறது என்று பாருங்கள். என் கணிப்பில் தொகையைவிட இதுவே முக்கியம். எண்ணெய்க் கிணற்றுக்கும் சுரங்கத்துக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன, வேலையாட்களும் குறைவு. ஆகவே அங்கே ராயல்டி (எடுக்கும் வளத்துக்காக அரசுக்குத் தரும் கட்டணம்), வரி தொடர்பான ஒப்பந்த விதிகளைத்தான் படிக்க வேண்டும். உற்பத்தித் துறையில் உதிரிபாகங்களை யார் செய்து தருகிறார்கள் என்று தேடுங்கள். லிதுவேனியாவின் ஆலைகளை ஆராய்ந்து பொருளியலாளர் பியாட்டா யவோர்சிக் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, உற்பத்தித்திறன் கூடியது அந்நிய நிறுவனங்களோடு போட்டியிட்டவர்களிடம் அல்ல, அவற்றுக்குப் பொருள் வழங்கியவர்களிடம். அதுவும் உள்நாட்டவரும் பங்கு வைத்திருந்த கூட்டு நிறுவனங்களின் வழியாக.

தொழிலாளர் எதைக் கற்றுக்கொண்டு வெளியேறுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 1979இல் வங்கதேசத்தின் தேஷ் என்ற ஆடை நிறுவனம், தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தென்கொரியாவின் தேவூ நிறுவனத்திடம் 130 பேரைப் பயிற்சிக்கு அனுப்பியது. தையல், தரக்கட்டுப்பாடு, ஏற்றுமதி நடைமுறை எல்லாம் கற்றுத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகி, வேறு ஆயத்த ஆடை ஆலைகளுக்குச் சென்றார்கள் அல்லது தாமே தொடங்கினார்கள். தேஷுக்கு அது இழப்புதான்; ஆனால் அந்நாட்டின் ஆடைத் தொழில் அவர்களாலேயே பரவியது.

சேவைத் துறையை அதன் லாபத்தை மட்டும் வைத்து அளக்க வேண்டாம். தொலைத்தொடர்பும் வங்கியும் மலிவானால் மற்றத் தொழில்களின் செலவும் குறையும்.

கடைசியாக, வளர்ச்சி விகிதத்தைப் படிக்கும்போது மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு மொத்த தேசிய வருமானத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் முதலீட்டாளர் வெளியே எடுத்துச் செல்லும் லாபம் முன்னதில் கழிக்கப்படுவதில்லை, பின்னதில் கழிக்கப்படுகிறது. 2015இல் அயர்லாந்தின் உள்நாட்டு உற்பத்தி சுமார் 25 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கு காட்டியது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே மாற்றியதே அதற்கு முக்கியக் காரணம். அத்தகைய விளைவுகளைக் கழித்து, திருத்திய தேசிய வருமானம் என்ற தனி அளவையே 2017 முதல் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்டு வருகிறது.