ஐம்பது வயதில் ஜவ்வாது மலையில் டென்ட் போடுவது எப்படி

நாங்கள் எட்டுப் பேரும் பத்தாவது எழுதியது 1989-இல். அதே வருடம்தான் வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 2019-இல் வேலூரையும் மூன்றாக்கிவிட்டார்கள். இப்போது ஆரணிக்காரி திருவண்ணாமலை மாவட்டம், ஆம்பூர்க்காரி திருப்பத்தூர், ஆற்காட்டுக்காரி ராணிப்பேட்டை, காட்பாடியில் இருக்கும் நான் இன்னும் வேலூர். எல்லாருக்கும் ஓரளவு கிட்டத்தில் இருப்பது ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் பக்கம் இரண்டு தடவை போய் டென்டில் படுத்து வந்தாயிற்று. முதல் தடவை சுத்த சொதப்பல். அந்தச் செலவு எங்களோடு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் “எல்லாருக்கும் எந்த நாள் தோது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாங்கள் கேட்டோம், ஏழு மாதம் போயிற்று. ஒருத்தி மகளுக்குப் பிரசவம், ஒருத்தி வீட்டில் கிருத்திகை, இன்னொருத்தி கட்டைவிரல் படம் போட்டதோடு சரி. இரண்டாம் தடவை மூன்று பேர் மட்டும் பேசித் தேதியை முடிவு செய்தோம். “ஆளுக்கு 1,500 ரூபாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜிபே பண்ணுங்கடீ, வரலைன்னா திரும்பக் கிடையாது” என்று ஒரே வரி. எட்டுப் பேரும் கட்டினார்கள், எட்டுப் பேரும் வந்தார்கள்.

ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்ல பருவம். மழை ஓய்ந்திருக்கும், பீமன் மடுவு அருவியில் தண்ணீர் விழும், ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும். மார்ச்சுக்கு மேல் காடு காய்ந்து கிடக்கும், வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதை மறக்க முடியுமா? நட்சத்திரம் பார்க்க அமாவாசை இருட்டுதான் வேண்டும். ஆனால் அமாவாசை அன்று படையல் போடாமல் எவளால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும்? அதனால் அமாவாசை கழிந்து நாலைந்து நாளுக்குள் வருகிற சனிக்கிழமையைப் பிடியுங்கள். பிறை சீக்கிரமே இறங்கிவிடும்.

காட்டுக்குள் நாமாகப் போய் டென்ட் அடிக்கக் கூடாது, வனத்துறை கேஸ் போடும். அனுமதி உள்ள முகாம் இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது வியூ எப்படி என்று கேட்பதைவிடக் கழிவறை எத்தனை, அதில் தண்ணீர் வருமா, மேற்கத்திய கோப்பை ஒன்றாவது உண்டா என்று கேளுங்கள். எங்களில் மூன்று பேருக்கு முட்டி மடங்காது.

வேலூர் பக்கத்து ஆட்கள் போளூர் வழியாக ஏறலாம், ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்கு ஆலங்காயம் வழி. பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். மேலே சில இடங்களில் சிக்னல் இருக்காது, அதை வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் இறங்கும்போது ஆளுக்கு இருபது மிஸ்டு கால் காத்திருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம், சமையல். ஆண்கள் போனால் யாராவது ஒரு மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண்கள் போனால் நன்றாகச் சமைப்பவள் என்று பெயர் எடுத்தவள் அடுப்படியிலேயே கிடப்பாள். முதல் தடவை ஆம்பூர்க்காரி சீரகச் சம்பா, தேக்சா, கத்தரிக்காய் எல்லாம் சுமந்து வந்து பிரியாணி செய்தாள். பிரியாணியில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் பள்ளிக்கூடக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் அவள் எங்களுக்கு முதுகு காட்டித் தம் போட்டுக்கொண்டிருந்தாள். அதனால் இப்போது எங்கள் சட்டம் இது: மலையில் ஒரே ஒரு வேளைதான் அடுப்பு.

சனிக்கிழமை மதியத்துக்கும் ராத்திரிக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வர வேண்டும். மதியத்துக்குப் பொடி தடவிய இட்லி. ராத்திரிக்குப் புளிசாதம். புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவிட்டு, சாதத்தை நன்றாக ஆறவிட்டுக் கிளறினால் கெடாது. தயிர்சாதம் எடுத்து வருபவள் பாலை நிறைய ஊற்றித் தயிரை ஒரு ஸ்பூன் மட்டும் விட்டுக் கொண்டுவரட்டும், மலை ஏறுவதற்குள் தானாகத் தோய்ந்துவிடும். ஞாயிறு காலைக்குச் சாமைக் கஞ்சி. இந்த மலையில் விளைவதே சாமைதான், ஜமுனாமரத்தூரிலேயே வாங்கலாம். ஒரு டம்ளர் சாமைக்கு ஆறு டம்ளர் தண்ணீர், நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், உப்பு. சாமை சீக்கிரம் வெந்துவிடும். பனியில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பூண்டு வாசனை மூக்கில் ஏறும் பாருங்கள், நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் இருந்தால் போதும்.

மிச்சம் மீதியை டென்டுக்குள் வைக்காதீர்கள், காரில் வைத்துப் பூட்டுங்கள். இந்த மலையில் கரடி உண்டு. தேனும் பலாப்பழமும் வாங்கினால் இன்னும் கவனம்.

டென்டை வாடகைக்கு எடுத்தால் முந்தின வாரமே மொட்டை மாடியில் விரித்துப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த ஒன்றில் கம்பி ஒன்று குறைந்தது, அது தெரிந்தது மலை மேல், இருட்டிய பிறகு. லேசான சரிவு இருந்தால் தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்கட்டும். கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்டைவிடப் பெரியதாக இருந்தால் ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிடுங்கள். நாங்கள் புடவை முந்தானை மாதிரி ஒரு முழம் வெளியே விட்டிருந்தோம். ராத்திரி பெய்த சின்னத் தூறல் முழுவதும் அதில் விழுந்து, நேராக எங்கள் முதுகுக்கு அடியில் வந்து தேங்கியது. ஆரணிக்காரி தூக்கத்திலேயே “ஏய், யாருடீ தண்ணி ஊத்தினது?” என்றாள்.

குறட்டை விடுபவர்களுக்குத் தனி டென்ட். யார் யார் என்று அவரவர் கணவரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். மாத்திரை டப்பாவையும் ஞாபகமாக எடுத்து வாருங்கள்.

தீ மூட்டுவது முகாம்காரர்கள் காட்டும் குழியில் மட்டும். ஒன்பது மணிக்கு அதையும் தண்ணீர் ஊற்றி அணைத்து, டார்ச்சையும் போனையும் கவிழ்த்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் மேலே பாருங்கள். வானியல் அறிஞர் வைணு பாப்பு பெயரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காவலூரில் இதே மலையில்தானே வைத்திருக்கிறார்கள்? கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேலேயோ கொஞ்சம் மேற்கிலோ நிற்கும். கண்ணாடி போடாமல் எனக்கு அது ஒரே பஞ்சுத் துண்டு. குடியாத்தத்துக்காரி ஆறு எண்ணினாள். அவள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், நம்ப முடியாது.

வீட்டுக்கு வந்ததும் டென்டை அப்படியே மூலையில் போடாதீர்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். மொட்டை மாடியில் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். நான் உதறியபோது உள்ளிருந்து ஒரு படிக்கிற கண்ணாடி விழுந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். மூன்று பேர் “என்னுது” என்றார்கள்.