டர்பனில் ஆறாம் மாதம்: புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு

கணவருக்கு வேலை மாறி வயிற்றில் பிள்ளையோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கியிருப்பீர்கள், இல்லையென்றால் வந்த கொஞ்ச நாளில் உண்டாகியிருப்பீர்கள். இப்போது 22 வாரம், 24 வாரம் என்று ஓடிக்கொண்டிருக்கும். வாந்தி நின்றுவிட்டது, சோறு இறங்குகிறது, வயிறு தெரிகிறது, ஆனால் இன்னும் கனக்கவில்லை. இந்த நேரத்தில்தான் "உடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடத் தோன்றும். நானும் தள்ளினேன். ஊரில் என்றால் அம்மாவும் அத்தையும் நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார்கள், இங்கே அதற்கு ஆள் கிடையாது. அதனால் சொல்கிறேன்: 22 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனை, ஆஸ்பத்திரி, காப்பீடு, பிரசவத்துக்கு ஊருக்குப் போவதா இல்லையா என்பது, இந்த நான்கையும் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், அலைய முடியாது.

முதலில் கணக்கு. நம் வீட்டில் மாதக் கணக்கு, இங்கே க்ளினிக்கில் வாரக் கணக்கு. நம்மிலும் சிலர் முடிந்த மாதத்தைச் சொல்வோம், சிலர் நடக்கிற மாதத்தைச் சொல்வோம். சிஸ்டர் கேட்டால் (இங்கே நர்ஸை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியைச் சொல்லுங்கள், ஊரில் எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அந்த முதல் ஸ்கேன்தான் பிரசவத் தேதிக்கு நம்பகமானது, தயவுசெய்து அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஸ்கேன் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பது. வரும்போதே தாமதமாகியிருந்தால் உடனே கேட்டு எடுத்துவிடுங்கள். ஸ்கேன் எடுக்கிற பெண் கருவியை வயிற்றில் நகர்த்தியபடியே, சாதாரணமாக, பையனா பெண்ணா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்பார். இந்தியாவில் 1994 சட்டப்படி அதைச் சொல்வதே குற்றம், இங்கே தடையில்லை. எனக்கு அந்த நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது, பக்கத்தில் நின்ற என் கணவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். வீட்டிலேயே இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். தெரிந்துகொண்டாலும் ஊருக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. யார் நச்சரித்தாலும் அது உங்கள் இருவர் சமாசாரம்.

சர்க்கரைச் சோதனைதான் நான் அதிகம் வலியுறுத்துவது. 24லிருந்து 28 வாரத்துக்குள் செய்வது. நம் ஆட்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் போய், வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை மறுபடி கொடுக்க வேண்டும். நடுவில் எழுந்து கடை கண்ணி என்று சுற்றக்கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

இங்கே எண் வேறு என்பது எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றில் 5.6 என்று வந்தது. அம்மாவிடம் போனில் படித்தேன். "அஞ்சா? சர்க்கரை அவ்வளவு குறைஞ்சு போச்சா, கருப்பட்டி போட்டுக் குடிடி" என்றார் பதறிப்போய். இரண்டு நாள் குடித்தேன். மூன்றாம் நாள் க்ளினிக்கிலிருந்து போன் வந்தது, சர்க்கரை கூடியிருக்கிறது, உடனே வா என்று. இங்கே அளவு மில்லிமோல் கணக்கு. நம் ஊர் மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 18ஆல் பெருக்குங்கள். என் 5.6 ஏறக்குறைய 101. கர்ப்பிணிக்கு வெறும் வயிற்றில் 5.1, அதாவது 92 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 10, இரண்டு மணி நேரத்துக்கு 8.5. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் போதும். எனக்குச் சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்து, விரல் நுனியில் குத்திப் பார்த்தே கட்டுக்குள் வந்துவிட்டது, பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அந்த இரண்டு நாள் கருப்பட்டித் தண்ணீரை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி (பாசிட்டிவ் ரத்தப் பிள்ளைக்கு எதிராக உங்கள் உடம்பு வேலை செய்யாமல் தடுப்பது) பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி. சோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகச் செய்வது, திரும்பவும் செய்வார்கள். என்னைப் பார்த்து ஏன் இப்படிக் கேட்டார்கள் என்று மனம் நோக வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் வயிற்றில் டேப் வைத்து அளப்பார், அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை. 26 வாரத்தில் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் இருக்கும், இரண்டு முன்னே பின்னே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதை க்ளினிக் கொடுக்கும் கர்ப்பகால நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே வருவார். அந்த நோட்டு உங்கள் கையில்தான் இருக்கும், வெளியே எங்கே போனாலும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் உங்களுக்காகப் பேசப் போவது அதுதான்.

பிள்ளை 24 வாரத்தில் 600 கிராம் போல இருக்கும், 28 வாரத்தில் ஒரு கிலோவை நெருங்கும். இந்த நேரத்தில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வெளியே பேசுவதெல்லாம் ஆங்கிலமும் ஜூலுவும்தான் என்பதால் வீட்டில் வாய்விட்டுத் தமிழில் பேசுங்கள், பாடுங்கள். 24 வாரம் ஆகியும் அசைவே தெரியவில்லை என்றால் போய்க் காட்டுங்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, நெஞ்செரிச்சல், எழுந்திருக்கும்போது இடுப்பு ஓரத்தில் சுருக்கென்பது, இதெல்லாம் வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டர்பனில் புழுக்கமான கோடை, அப்போது ஆறாம் மாதம் என்றால் பாதம் வீங்கும், சாயங்காலம் காலைத் தூக்கி வைத்து உட்காருங்கள். காரில் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக்கூடாது, வயிற்றுக்குக் கீழே தொடையோடு ஒட்டிப் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு இந்த ஊரில் குறையே இல்லை. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு என்று டாக்டர் போர்டில் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும், ஆனால் வீட்டில் ரசமும் உண்டு, ஆடி மாதக் கூழும் உண்டு. என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு நாள் "ஹெர்ப்ஸ்" கொண்டுவந்திருக்கிறேன் என்றார். ஏதோ மூலிகை என்று நினைத்துத் திறந்தால் கட்டுக்கட்டாய்க் கீரை! இங்கே கீரைக்கு அதுதான் பெயர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 'பங்களாதேஷ் மார்க்கெட்' என்ற சந்தையில் கீரையும் கத்தரிக்காயும் பசுமையாகக் கிடைக்கும். கீரையோடு எலுமிச்சை சேருங்கள், இரும்புச் சத்து மாத்திரையை டீ காபியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

பொலோனி என்ற ரொட்டிக்குள் வைக்கும் இறைச்சியை இந்த நேரத்தில் தொடவே வேண்டாம். 2017-18இல் இந்த நாட்டில் அந்த வகை இறைச்சி வழியாக லிஸ்டீரியா கிருமி பரவி 200 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பச்சிளம் குழந்தைகள் நிறைய. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலாக வந்துவிட்டுப் பிள்ளையைத் தாக்கும் கிருமி அது. பில்டாங் என்ற உலர்த்திய பச்சை இறைச்சியும் பிரசவம் வரை வேண்டாம். அப்புறம், வந்த புதிதில் எல்லாரும் க்ரூகர் காட்டுக்குப் போய்ச் சிங்கம் பார்க்கலாம் என்று கூப்பிடுவார்கள். அது மலேரியா பகுதி, டர்பன் இருக்கிற குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடகிழக்கு மூலையும் அப்படியே. செப்டம்பரிலிருந்து மே வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பணம். அரசு க்ளினிக்கிலும் மருத்துவமனையிலும் மருத்துவக் காப்பீடு இல்லாத கர்ப்பிணிகளுக்கு இலவசம் என்பது 1994லிருந்து இருக்கிற ஏற்பாடு, சாட்ஸ்வொர்த் ஆர்.கே.கான் போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு உங்கள் பகுதி க்ளினிக் வழியாகப் போக வேண்டும். கூட்டம் உண்டு, விடியற்காலையில் போய் வரிசையில் நில்லுங்கள். தனியாருக்குப் போவதென்றால் 'மெடிக்கல் எய்ட்' காப்பீடு வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: உண்டான பிறகு சேர்ந்தால் அந்தப் பிரசவச் செலவை 12 மாதம் வரை தர மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கணவரின் கம்பெனி வழியாகச் சேர்ந்திருந்தாலும், இந்தப் பிரசவத்துக்குப் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டாக்டர் கட்டணம் காப்பீடு தருவதைவிடக் கூட இருக்கலாம், மயக்க மருந்து டாக்டருக்கும் குழந்தை டாக்டருக்கும் தனித்தனி பில் வரும். தனியாரில் பாதிக்கு மேல் சிசேரியன்தான் நடக்கிறது, உங்களுக்குச் சுகப்பிரசவத்தில் ஆசை இருந்தால் இப்போதே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று இருந்தால் அதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 28 வாரத்துக்கு மேல் விமானத்தில் டாக்டர் கடிதம் கேட்பது வழக்கம், 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். இங்கேயே பெறுவதென்றால் பிறந்த 30 நாளுக்குள் உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். பெற்றோர் விசாவில் இருந்தால் இங்கே பிறந்ததாலேயே பிள்ளைக்கு இந்த நாட்டுக் குடியுரிமை வராது. நீங்கள் இந்தியக் குடிமக்கள் என்றால் டர்பன் இந்தியத் துணைத் தூதரகத்தில் ஒரு வருஷத்துக்குள் பதியுங்கள்.

வளைகாப்புக்கு அம்மா வர முடியவில்லையே என்று அழாதீர்கள். பக்கத்து ஆன்ட்டிகளைக் கூப்பிட்டுப் பாருங்கள், தமிழ் பேசத் தெரியாதவர்கள் மஞ்சள் குங்குமத்தோடு வந்து கை நிறைய வளையல் போட்டுவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது, ஒரு ஆயா என் கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு ஆங்கிலத்தில் வாழ்த்தினார், நான் குலுங்கி அழுதேன்.

கடைசியாக ஒரு தாளில் இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், கணவரும் படிக்க வேண்டும். ரத்தம் போனால், நீர் கசிந்தால், விடாத தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் திடீரென வீங்கினால், பி.பி. 140/90ஐத் தொட்டால், வயிறு விட்டுவிட்டு ஒரே சீராக இறுகினால், அசைந்துகொண்டிருந்த பிள்ளை அடங்கிப்போனால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து அவசர அழைப்புக்கு 112. கீழே உங்கள் வீட்டு முகவரியையும் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள், பதற்றத்தில் தெருப் பெயர் வாயில் வராது.