தொட்டித் தண்ணீரை அளக்க அல்ட்ராசோனிக் சென்சார்: வெயிலைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

மோட்டார் போட்டதும் அப்பத்தா, "தொட்டி நிறைஞ்சிருச்சான்னு மேல போய்ப் பாருடா" என்பார். எங்கள் காரைக்குடி வீட்டில் சுவிட்ச் முகப்பில் இருக்கிறது. தொட்டியோ வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி அடுப்படிக்கு மேலே. அந்த நடையைக் குறைக்கத்தான், தொட்டி மூடியிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒலியால் அளக்கும் இந்தக் கருவியைச் செய்தேன்.

ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஏற்றும் சின்ன மின்னணுப் பலகை) ஒன்று, எச்.சி-எஸ்.ஆர்04 சென்சார் ஒன்று, ஜம்பர் வயர் நாலு. சென்சாரின் நாலு கம்பிக் கால்களில் வி.சி.சி-யைப் பலகையின் 5 வோல்ட்டிலும், ஜி.என்.டி-யைக் கிரவுண்டிலும், ட்ரிக்கை 9-ஆம் எண்ணிலும், எக்கோவை 10-ஆம் எண்ணிலும் செருகுங்கள்.

ட்ரிக் காலின் வோல்டேஜை 10 மைக்ரோ செகண்ட் உயர்த்தினால் சென்சாரின் ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸில் 8 துடிப்புகளை அனுப்பும். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அனுப்பியதும் எக்கோ கால் உயரும். அடுத்த கண்ணுக்கு எதிரொலி வந்ததும் இறங்கும். உயர்ந்திருந்த நேரத்தை ஆர்டுயினோவின் பல்ஸ்இன் (pulseIn) கட்டளை மைக்ரோ செகண்டில் தரும். அதை 0.0343-ஆல் பெருக்குங்கள். ஒலி போய்த் திரும்பிய தூரம் அது என்பதால் பாதியாக்கினால் சென்டிமீட்டர் கிடைக்கும். ஒவ்வொரு அளவுக்கும் நடுவே 60 மில்லி செகண்ட் விடுங்கள். இல்லையென்றால் பழைய எதிரொலி புதியதோடு கலந்துவிடும்.

தொட்டிக்குக் கொண்டுபோகும் முன் வளவில் வைத்துப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் தரைக்கு நேராகப் பிடித்தால் டேப் சொல்வதையே சென்சாரும் சொல்லும். சற்றுச் சாய்த்தால் வழவழப்பான கல்லில் பட்ட ஒலி வேறு பக்கம் ஓடிவிடும். கொடியில் காய்ந்த கண்டாங்கிச் சேலைக்கு நேரே பிடித்தேன். ஒரு தடவை 62, மறு தடவை 0. பருத்தி மடிப்புகள் ஒலியை விழுங்குகின்றன. பல்ஸ்இன்னுக்கு 30,000 மைக்ரோ செகண்ட் கெடு கொடுத்திருந்ததால்தான் 0 வந்தது. எதிரொலி கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த அளவைத் தள்ளிவிடுங்கள்.

இனி என்னை ஒரு வாரம் அலையவிட்ட இடம். சென்சாரைத் தொட்டி மூடியின் நடுவில் பொருத்தினேன். காலை 6 மணிக்கு 98.5 சென்டிமீட்டர் காட்டியது. மதியம் 2 மணிக்கு 96.1. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் மட்டும் ஏறியிருக்கிறது! வயரை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன். கடைசியில் டேப்பை விட்டு அளந்தேன். காலையிலும் 100, மதியத்திலும் 100.

தப்பு 0.0343-இல் இருந்தது. நொடிக்கு 343 மீட்டர் என்பது 20 டிகிரியில் ஒலியின் வேகம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டிக்குள் ஏது 20 டிகிரி? காலையில் 28, மதியம் 42 இருந்தது. சூட்டில் ஒலி வேகமாக ஓடும், எதிரொலி சீக்கிரம் வரும், சென்சார் தூரம் குறைவு என்று நம்பிவிடும். வேகத்துக்கான கணக்கு இதுதான்: 331.3-உடன், வெப்பநிலையை 0.606-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 42 டிகிரிக்கு 356.8 வரும். மதியம் எக்கோ நேரம் 5,606 மைக்ரோ செகண்ட். அதை 0.03568-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் சரியாக 100.

வெப்பநிலை அறிய டி.எஸ்.18பி20 சென்சாரின் உறையிட்ட வகையை வாங்குங்கள். தொட்டி ஈரத்தில் வேறு எதையும் நான் நம்பமாட்டேன். அதைத் தண்ணீரில் முக்காமல், ஒலி போகும் காற்றிலேயே தொங்கவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த இருவருக்கு வந்த சிக்கல்கள். ஒருவர் ஆர்டுயினோவுக்குப் பதில் இ.எஸ்.பி32 பலகையில் எக்கோவை நேராகக் கொடுத்திருக்கிறார். அது 3.3 வோல்ட் பலகை, எக்கோவோ 5 வோல்ட். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வைத்து வோல்டேஜைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் நனையாத வகையான ஜே.எஸ்.என்-எஸ்.ஆர்04டி-யைப் போட்டிருக்கிறார். தொட்டிக்கு அதுதான் நல்லது, நானும் அதற்கே மாறிவிட்டேன். ஆனால் சுமார் 25 சென்டிமீட்டருக்குக் கிட்டே வந்தால் தாறுமாறாகக் காட்டும். அதனால் 30 வந்ததுமே பஸ்ஸர் அடிக்கும்படி எழுதியிருக்கிறேன். பலகை தொட்டியருகிலேயே இருக்கிறது. பஸ்ஸரின் இரண்டு வயர் மட்டும் முகப்புக்கு வருகிறது. சத்தம் கேட்டதும் அப்பத்தாவே சுவிட்சை அணைத்துவிடுகிறார்.