ஐந்து ரோடும் ஏற்காட்டு வளைவும்: பிள்ளைகளுக்குக் கோணச் சொற்களைக் கற்பிக்கும் முறை

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் வடிவியல் வரையறைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, தனக்குத் தெரிந்த இடங்களை அளவுகோலும் கோணமானியும் கொண்டு வரையச் செய்து, தேவைப்படும் நேரத்தில் அந்தந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுப்பதே மனத்தில் நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் சேலத்துக்கு ஒரு புள்ளியும் ஏற்காட்டுக்கு ஒரு புள்ளியும் தாளில் வைக்கச் செய்யுங்கள். புள்ளி இடத்தை மட்டுமே குறிக்கும். அதற்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. ஆகையால் பென்சில் கூராக இருக்க வேண்டும். இரண்டையும் நேராக இணைத்தால் கிடைப்பது, இரு முனைகளும் அளக்கத்தக்க நீளமும் உடைய கோட்டுத்துண்டு. அதை ஏற்காட்டுக்கு அப்பால் முடிவின்றி நீட்டினால் கதிர். இருபுறமும் நீட்டினால் கோடு. எந்தப் பக்கம் முடிவின்றிச் செல்கிறதோ அந்தப் பக்கம் அம்புக்குறி இட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் எளிதில் மறந்துவிடுவார்கள். இங்கே பொறுமையாக நில்லுங்கள்.

கைத்தறியைப் பார்த்த பிள்ளைக்கு, நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் இணைகோடுகள் என்பதும் குறுக்கே ஓடும் ஊடை நூல் அவற்றுக்குச் செங்குத்து என்பதும் உடனே விளங்கும்.

அடுத்து, சேலத்தில் ஐந்து சாலைகள் கூடும் சந்திப்பான ஐந்து ரோடு. ஒரு புள்ளியிலிருந்து ஐந்து கதிர்களை வரையச் செய்யுங்கள். அப்புள்ளி உச்சி, கதிர்கள் கோணத்தின் கைகள். கைகளை எவ்வளவு நீட்டினாலும் கோணம் மாறாது. அது ஒரு கையிலிருந்து மறு கைக்குத் திரும்பும் அளவு மட்டுமே. 90 பாகைக்குக் குறைந்தது குறுங்கோணம், சரியாக 90 செங்கோணம், 90க்கும் 180க்கும் இடைப்பட்டது விரிகோணம், 180 நேர்கோணம். இப்போது குறுங்கோணமே இல்லாமல் ஐந்து கதிர்களையும் வரைய முடியுமா என்று கேளுங்கள். முடியாது, ஐந்து கோணங்களும் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூட்டுத்தொகை 450ஐ எட்டிவிடும், புள்ளியைச் சுற்றியுள்ளதோ 360 பாகைதான். பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கும் வரை விடையைச் சொல்லாதீர்கள்.

கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருப்பதால் 70 என்பதை 110 என்று படித்துவிடுவது வழக்கம். அளப்பதற்கு முன்பே அது குறுங்கோணமா விரிகோணமா என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் பழக்கம் இதைத் தடுக்கும்.

இறுதியாக, சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை, ஒரு புள்ளியில் சேரும் இரு கதிர்களாக எளிமைப்படுத்தி வரையுங்கள். பாதையின் இரு கைகளுக்கும் இடையே 20 பாகை என்று கொள்வோம். பேருந்து திரும்பாமல் நேரே போயிருந்தால் சென்றிருக்கும் திசையைப் புள்ளிக்கோடாக வரைந்தால், ஓட்டுநர் திருப்ப வேண்டிய அளவு 160 பாகை என்பது தெரியும். இவ்வாறு 180ஐ நிறைவு செய்பவை மிகை நிரப்புக் கோணங்கள். 90ஐ நிறைவு செய்பவை நிரப்புக் கோணங்கள். மற்றொரு கையையும் உச்சியைக் கடந்து நீட்டச் செய்யுங்கள்: 20, 160, 20, 160 என நான்கு கோணங்கள் உண்டாகும்; எதிரெதிரே சமமாக நிற்கும் அவையே குத்தெதிர்க் கோணங்கள்.